பதினான்கு தரைப்பாலமும் ஒரு ஜோடித் தடுப்பும்

நான் இருபத்தேழு வயதில் பணி ஓய்வு பெற்றவள். சிரிக்க வேண்டாம். சால்வை போட்டார்கள், எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள், என் இனிஷியலை மாற்றி அச்சடித்த வாழ்த்து மடலும் கொடுத்தார்கள். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் அதற்குப் பெயர் ஓய்வுதான். நாற்பது வருடம் உழைத்தவர்களுக்கும் இதே மூன்றுதான் கிடைக்கிறது. நான் கொஞ்சம் முன்னதாக வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

என் பணிக்காலம் மூன்று மழைக்காலம். பதவி, வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் ஒப்பந்தத் தகவல் பதிவாளர். ஆபீஸ் எது என்று சொல்ல மாட்டேன். பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் போனால், மஞ்சள் பெயிண்ட் உரிந்து நிற்கும் கட்டடங்கள் சில கண்ணில் படும். அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நிவேதா. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். இந்த வருடம் முதல் பெருமழை பெய்த அன்று காலை போன் செய்து, "அக்கா, தரைப்பாலம் போட்டோவ எந்த போல்டர்ல போடணும்?" என்று கேட்டாள். போல்டர் பெயரைச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், போல்டரை மட்டும் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று பட்டது. மீதியை இங்கே சொல்கிறேன்.

பயிற்சியிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை. பயிற்சி அரை நாள். தீயணைப்புத் துறைக்காரர் ஒருவர் கயிறு, காலி பிளாஸ்டிக் டிரம், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை எல்லாம் கொண்டுவந்திருந்தார். அதிகாரிகள் ஒவ்வொருவராக அந்தச் சட்டையைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆறு மைல் சுற்றளவில் தண்ணீர் இல்லாத மண்டபத்தில் அத்தனை பேரும் பாதுகாப்பாக இருந்தோம். கடைசியில் அந்த மனிதர் சொன்ன ஒன்றுதான் உருப்படியானது. அதற்குள் டீயும் வடையும் வந்துவிட்டதால் யாரும் குறித்துக்கொள்ளவில்லை. நான் குறித்துக்கொண்டேன். புது வேலை, புது நோட்டு, அப்போது எல்லாவற்றையும் குறிப்பேன்.

"ஓடற தண்ணிய மேலருந்து பாத்து ஆழம் சொல்லாதீங்க. கீழ ரோடு இருக்கா இல்லையான்னு தண்ணி நமக்குச் சொல்லாது. முழங்கால் அளவு ஓடுனா மனுசன் நிக்க மாட்டான், டூவீலர் நிக்காது. இன்னும் கொஞ்சம் ஏறுனா காரே மெதக்கும். முன்னாடி ஒருத்தன் தாண்டிட்டான்னா அது அவன் அதிர்ஷ்டம். உங்களுக்கு லைசென்ஸ் இல்ல."

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று வருடத்தில் அதில் நான் எழுதிய பக்கங்களிலேயே பயன்பட்டது அந்த ஒரு பக்கம்தான்.

கட்டுப்பாட்டு அறைக்குத் தலைவர் துணை வட்டாட்சியர். எல்லாரும் டெப்டி சார் என்போம். சட்டைப்பையில் இரண்டு பேனா இருக்கும். ஒன்று நீலம், அன்றாட உபயோகத்துக்கு. இன்னொன்று பச்சை. பச்சை மையில் கையெழுத்துப் போட அவருக்கு இன்னும் பதவி உயர்வு வர வேண்டும். ஆனாலும் பேனாவை முன்கூட்டியே வாங்கி, காய்ந்துபோகாமல் இருக்க வாரம் ஒருமுறை பழைய பேப்பரில் கிறுக்கிப் பார்த்து வைப்பார். எங்கள் ஆபீஸில் நான் பார்த்த ஒரே உண்மையான முன்னெச்சரிக்கை நடவடிக்கை அதுதான்.

அவர் மேஜையில் எப்போதும் வறுத்த கடலை இருக்கும். நான் தட்டச்சு செய்த அறிக்கையை வாங்கி, ஒரு கடலை உடைத்து, ஒரு வரி படித்து, தோலைக் காகிதத்தின் ஓரத்தில் வரிசையாக வைப்பார். எந்த வரிக்குப் பக்கத்தில் தோல் இருக்கிறதோ அந்த வரியில் திருத்தம் உண்டு என்று அர்த்தம். "வெள்ளம்" என்று எழுதினால் தோல் விழும். "கூடுதல் நீர்வரத்து" என்று எழுத வேண்டும். "உயிர்போகும் ஆபத்து" கூடாது, "அசம்பாவிதம்". ஒருமுறை "ஓடைக்கரை உடைந்தது" என்று எழுதிவிட்டேன். நாலு தோல் விழுந்தது. கடைசியில் "ஓடைக்கரை சற்றே இடம்பெயர்ந்துள்ளது" என்று மேலே போயிற்று. கரை எங்கே இடம்பெயர்ந்தது என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

மோசமான மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு என் அறிக்கையையும் சேர்த்து அவரே அடிப்பார், ஒரு விரலால். அறிக்கை ஒழுங்காகப் போய்விட்டால் மழையும் ஒழுங்காகப் பெய்யும் என்று மனதார நம்பினார், அவ்வளவுதான்.

காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு தயார்நிலை அறிக்கை. மணல் மூட்டை எத்தனை, மரம் அறுக்கும் வாள் எத்தனை, பாம்பு பிடிப்பவர் போன் நம்பர், நீச்சல் தெரிந்தோர் பட்டியல். பட்டியலில் முதல் பெயர்க்காரருக்குப் போன் போட்டுப் பார்த்தேன். அவர் சிங்கப்பூரில் இருந்தார், அங்கே போய் நாலு வருடமாம். பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு டெப்டி சார், "இருக்கட்டும்மா, லீவுல வருவாருல்ல" என்றார்.

கொள்ளிடத்தில் தண்ணீர் பெருகும்போது ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு செய்வோம். "பொதுமக்கள் யாரும் வேடிக்கை பார்க்க ஆற்றுக்குச் செல்ல வேண்டாம்." என் முதல் வருடம் ஏலாக்குறிச்சிப் பக்கம் அந்த ஆட்டோவில் நானும் போனேன். மைக் போவதற்கு முன்பு கரை காலியாக இருந்தது. நாங்கள் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் மாதா கோயிலுக்கு வந்த பஸ்காரர்கள் உட்பட எல்லாரும் கரையில். சோளக்கதிர் வண்டிகூட வந்துவிட்டது. கையில் கதிரோடு நின்ற ஓர் அம்மாவிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். ஆற்றில் தண்ணீர் வந்ததே எனக்குத் தெரியாது, நீங்கள் மைக்கில் சொன்னதால்தான் தெரிந்தது, நன்றி என்றார். அடுத்த நாள் உயர் அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்து, ஆற்றில் இறங்காதீர்கள் என்று பத்திரிகைக்காரர்களுக்குச் சொன்னார். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னார். படம் நன்றாக வந்திருந்தது.

இரண்டாம் வருடம் அரும்பாவூர்ப் பக்கம் இரண்டு வாரம் மாற்றுப் பணி. அங்கே ஒரு பாடம் கிடைத்தது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்த ஒரு மத்தியானம், மலையிலிருந்து வரும் ஓடையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி திடீரென்று தண்ணீர் செம்மண் நிறமாக மாறியதையும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதையும் பார்த்து, துணியை அப்படியே போட்டுவிட்டு எல்லாரையும் கத்திக் கரையேற்றினாள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் துவைத்த கல் மறைந்துவிட்டது. பச்சமலையின் மேலே கொட்டிய மழை கீழே ஒரு சொட்டு விழாமல் ஓடையாக வந்துவிட்டது. நான் நடந்ததை அப்படியே எழுதினேன். அந்த ஆபீஸிலும் கடலை சாப்பிடாத ஒரு டெப்டி சார் இருந்தார். மழை அளவு பூஜ்யம் என்று இருக்கும்போது நீர்வரத்து எப்படி வரும், இரண்டில் ஒன்றை எடு என்றார். வெள்ளத்தை எடுத்துவிட்டோம். அந்தப் பெண்களின் துணி மட்டும் திரும்பி வரவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. தடுப்பு விஷயம் அப்படி இல்லை.

எங்கள் எல்லையில் பதினான்கு தரைப்பாலங்கள். ரோட்டோடு ரோடாக, கைப்பிடி இல்லாமல், கீழே நாலு குழாய் மட்டும் வைத்துக் கட்டிய தாழ்ந்த பாலங்கள். மழை வலுத்தால் தண்ணீர் குழாயை விட்டுவிட்டு மேலே ஏறி ஓடும். அப்போது பாலத்தின் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்துப் போக்குவரத்தை நிறுத்த வேண்டும். இடமும் நேரமும் பதிவாகும்படி படம் எடுத்துக் காலை எட்டு மணிக்குள் மேலே ஏற்ற வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடித் தடுப்பு. சிமெண்ட் ஆலை ஒன்று அன்பளிப்பாகக் கொடுத்தது. சிவப்பு வெள்ளைப் பட்டை, நடுவில் சிமெண்ட் மூட்டைப் படம், ஒன்றில் மட்டும் வலது மூலை நெளிந்திருக்கும்.

கிராம உதவியாளர் கலியமூர்த்தி அண்ணன்தான் தடுப்புக்குப் பொறுப்பு. ஐம்பது வயது, எந்த மழையிலும் வெற்றிலை நனையாமல் பார்த்துக்கொள்ளும் மனிதர். விடிந்ததும் தடுப்பை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு முதல் பாலத்துக்குப் போவார். இறக்குவார், வைப்பார், குடையைப் போனுக்குப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார். மறுபடி ஏற்றுவார். அடுத்த பாலம். ஒரு பாலத்தில் தடுப்பு நிற்கும் நேரம் நாலைந்து நிமிடம். பதினான்கும் எட்டு மணிக்குள் முடிந்துவிடும்.

நெளிந்த மூலையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பதினான்கு படத்திலும் அதே நெளிசல், அதே மூட்டை. கேட்டபோது அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "வேற என்னா பண்ணச் சொல்ற பாப்பா? அங்கயே வுட்டுட்டு வந்தா மீதிப் பதிமூணுக்கு நான் குறுக்க படுத்துக்கவா?"

டெப்டி சாரிடம் போனேன். அவர் ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். கூடுதல் தடுப்பு கேட்டு மூன்று முறை எழுதியிருக்கிறார். மூன்றுக்கும் ஒரே பதில். எல்லாப் பாலங்களிலும் தடுப்பு இருப்பது தங்கள் அலுவலகப் படங்களாலேயே தெளிவாவதால், கூடுதல் தேவை எழவில்லை.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நெளிசல் கண்ணை உறுத்தியதால் படத்தின் ஓரத்தை வெட்டி ஏற்ற ஆரம்பித்தேன். அது போதாதென்று ஒரு யோசனையும் சொன்னேன். இந்தப் படங்களை ஊர்வாரியாக வாட்ஸ்அப் குழுக்களில் போட்டால் எந்தப் பாலம் அடைத்திருக்கிறது என்று ஜனங்களுக்குக் காலையிலேயே தெரியுமே? டெப்டி சார் கடலை உடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். படிச்ச பிள்ளைன்னா படிச்ச பிள்ளைதான் என்றார். அந்த வாரமே எல்லா ஊரிலும் குழு ஆரம்பித்துவிட்டேன். பாராட்டுக் கடிதம் வரும் என்று எதிர்பார்த்தேன், இப்போது மறைப்பானேன்.

மூன்றாம் வருடம் ஒரு முகூர்த்த நாள். முந்தின நாள் மதியம் பிடித்த மழை விடவில்லை. காலை ஏழு மணி வாக்கில் பதினான்கில் ஒன்பது படம் வந்துவிட்டது. நரியோடைத் தரைப்பாலத்தின் படம் ஆறு நாற்பதுக்கே வந்திருந்தது, குழுவிலும் போட்டுவிட்டேன். ஏழேகாலுக்கு இன்னொரு தகவல். நரியோடைக்கு மேலே இருக்கும் ஏரி நிரம்பி, உபரி நீர் போகும் கலிங்கு வழியத் தொடங்கிவிட்டது. அதைக் குறித்துக்கொண்டேன். ஏழு நாற்பதுக்கு போன் அடித்தது.

பேசியவர் பெயர் செல்வராசு. மீன்சுருட்டிக்காரர். குட்டியானை என்று ஊரே கூப்பிடும் சின்ன லோடு வண்டி வைத்து ஓட்டுகிறார். அன்றைக்கு அவர் தங்கச்சி மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் இவருடையது. வண்டியின் பின்னால் தட்டுகள், வாழைத்தார், பட்டுப்புடவை, பன்னிரண்டு பெண்கள். மேலே தார்ப்பாய். முகூர்த்தம் ஒன்பதுக்குள். மாமன் மாலை போடாமல் பெண்ணை மனையில் உட்காரவைக்க முடியாது என்று தங்கச்சி வீட்டிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு போன் வந்துகொண்டிருக்கிறதாம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, நரியோடைப் பாலத்தில் நிற்கிறேன், போகலாமா மேடம் என்று கேட்டார்.

போகக் கூடாது, அடைத்திருக்கிறது என்றேன். கண் எதிரே கம்ப்யூட்டரில் படம் இருந்தது.

"இங்க ஒண்ணும் இல்லைங்களே."

தடுப்பு வைத்திருக்கிறது சார், சிவப்பு வெள்ளையில் என்று, படத்தைப் பார்த்துக்கொண்டே அவருக்கு வர்ணித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதத்தான் மேடம் நானும் சொல்றேன். காலைல குரூப்புல போட்டோ வந்துச்சு, பாத்தேன். அப்ப அடைச்சிருந்துச்சு. இப்ப இல்ல. தண்ணி எறங்குனதால எடுத்துட்டீங்கன்னுதானே அர்த்தம்? இங்க மாடு ஓட்டிட்டு நிக்கிறவரு சொல்றாரு, பேரிகார்டை டிராக்டர்ல ஏத்திக்கிட்டு உங்க ஆளுங்களே இந்தப் பாலத்து மேலதான் போனாங்களாம். சும்மா ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னுதான் அடிச்சேன்."

அவர் சொன்னதில் ஓர் ஓட்டையும் இல்லை. படமே வராமல் இருந்திருந்தால் அந்த மனிதர் தண்ணீரைப் பார்த்துப் பயந்து நின்றிருப்பார். நாங்கள் படத்தைக் காட்டி, தடுப்பைக் காட்டி, பிறகு தடுப்பை எடுத்து, போகலாம் என்று எங்கள் வாயால் சொன்னதுபோல் ஆக்கிவிட்டோம். அதுவும் என் யோசனையால்.

தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டேன். முட்டிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் என்றார். ஓரம் வெட்டாத ஆறு நாற்பது படத்தில் பாலம் லேசாக நனைந்துதான் இருந்தது. ஏரி வழிகிறது, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, இறங்கவில்லை என்றேன். டிராக்டர் போன நேரம் வேறு, இந்த நேரம் வேறு என்றேன். தீயணைப்புக்காரர் சொன்னதை நோட்டுப் பக்கம் பார்க்காமலே ஒப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வண்டி உறுமும் சத்தம் நிற்கவில்லை.

"நீங்க சொல்றதெல்லாம் சரிதான் மேடம். ஆபத்துன்னா பேரிகார்டு போட்டிருப்பீங்கள்ல? எடுத்தது ஏன்?"

பக்கத்து மேஜையில் டெப்டி சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நீலப் பேனாவால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் பக்கம் நகர்த்தினார். "நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது என்று மட்டும் சொல்லவும்." கட்டுப்பாட்டு அறைக்கு வரும் போன் எல்லாம் பதிவாகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வருட ஒப்பந்தம் புதுப்பிக்கும் கோப்பு அவர் மேஜையில்தான் இருந்தது, கடலைக்குக் கீழே.

"எடுத்தது தண்ணி எறங்குனதால இல்லைங்க. அடுத்த பாலத்துல போட்டோ எடுக்கணும், அதுக்காக எடுத்துட்டுப் போனாங்க. எங்ககிட்ட பதினாலு பாலத்துக்கும் ஒரே பேரிகார்டுதான். குரூப்புல நீங்க பாத்த போட்டோ எல்லாம் பொய். போட்டது நான்தான். வண்டிய தண்ணில விடாதீங்க, உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

அவர், "என்னம்மா சொல்ற நீ?" என்றார். மேடம் போய்விட்டது. விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். யாரிடமோ, ஏதோ ஒரு பொண்ணு, ஆபீஸ் பொண்ணான்னே தெரியல என்று சொல்வதும் வண்டியின் கியர் விழும் சத்தமும் கேட்டது.

அப்போது வேறொரு குரல் போனில் வந்தது. அவர் மனைவி, பெயர் வசந்தா என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கேபினில் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனையும் கேட்டிருக்கிறார். நீ நிஜமாகவே அந்த ஆபீஸில்தான் வேலை பார்க்கிறாயா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். இப்போது சொன்னதை உன் மேலதிகாரியும் கேட்டாரா என்றார். பக்கத்தில்தான் இருக்கிறார் என்றேன். உடனே புருஷனைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

"ஏங்க, ஆபீசுக்காரங்களே தன் வாயால நாங்க போட்டது பொய்யின்னு சொல்றாங்கன்னா, அது மெய்யாத்தான் இருக்கும். என்னிக்காவது கேட்டிருக்கீங்களா இப்படி? திருப்புங்க வண்டிய."

வண்டி பின்னால் வரும் சத்தம் கேட்டது.

டெப்டி சார் தன் துண்டுக் காகிதத்தை எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கலியமூர்த்தி அண்ணனுக்குப் போன் போட்டார்.

"எங்க இருக்க? பதினொண்ணாவதா? பேரிகார்டை ஏத்திக்கிட்டு நரியோடைக்குப் போ. பாலத்து மேல ஏறாத, சுத்திக்கிட்டுப் போ. போட்டோ வேணாம். போட்டுட்டு அங்கயே நில்லு."

போட்டோ வேணாம் என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

கலியமூர்த்தி அண்ணன் போய்ச் சேர்வதற்குள் அங்கே வேலை முடிந்திருந்தது. செல்வராசு தன் குட்டியானையை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டாராம். மிச்ச இடைவெளியில் வாழைத்தாரை நிறுத்தி, சீர்ப் புடவையை முறுக்கி வண்டியிலிருந்து புளியமரத்துக்குக் கட்டியிருந்தார்கள். பின்னால் வந்த டூவீலர்களையும் ஒரு பள்ளிக்கூட வேனையும் பன்னிரண்டு பெண்களும் நனைந்துகொண்டே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களைத் தாண்டிப் போக ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை என்று அண்ணன் சொன்னார். இரும்புத் தடுப்புக்கு அந்த மரியாதை கிடைத்து அவர் பார்த்ததே இல்லையாம்.

தண்ணீர் வடிய ஒன்றரை நாள் ஆயிற்று. வடிந்த பிறகு பார்த்தால் பாலத்தின் நடுப்பகுதி இல்லை. ஒரு வண்டி நீளத்துக்கு வெறும் பள்ளம். எப்போது போயிற்று என்று யாருக்கும் தெரியாது. மேலே தண்ணீர் சமமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அந்தப் பள்ளத்தைப் படம் எடுத்து அனுப்பினார். டெப்டி சார் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இதை எந்த போல்டரில் போடுவது என்று கேட்டார். அப்படி ஒரு போல்டர் எங்களிடம் இல்லை.

பத்து நாளில் எனக்குக் குறிப்பாணை வந்தது. அலுவலகப் பதிவுகளுக்கு முரணாக, தரைப்பாலத்தில் தடுப்பு இல்லை என்று பொதுமக்களுக்குத் தவறான தகவல் அளித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். படங்கள் இணைப்பில் இருந்தன. நான் ஓரம் வெட்டிய அதே படங்கள். கையெழுத்து டெப்டி சாருடையது, நீல மையில். கொடுக்கும்போது, "மேலருந்து வந்ததும்மா, நான் போட்டுத்தான் ஆவணும்" என்றார். விளக்கத்தில் ஒரே வரிதான் எழுதினேன். தடுப்பு இல்லை என்பதைப் பார்த்தவர் உயிரோடு இருக்கிறார், அவரைக் கேட்டுக்கொள்ளலாம். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், அதே மாதிரி ஓர் ஆபீஸுக்குள் முன்வாசல் வழியாகப் போவதற்கு.

சால்வை போட்ட அன்று செல்வராசும் வசந்தாவும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தார்கள். சுற்றுவழியில் போய்ச் சேரும்போது முகூர்த்தம் தாண்டிவிட்டதாம். அடுத்த நல்ல நேரம் வரைக்கும் அந்தப் பெண் பசியோடு உட்கார்ந்திருந்ததாம். அதிலிருந்து தங்கச்சி வீட்டு ஜனம் இவருக்கு வைத்த பெயர் 'தண்ணிக்குப் பயந்த மாமன்'. இனி எந்தக் கல்யாணப் பந்தியிலும் அந்தப் பெயர்தான். பாலம் போன படத்தைக் காட்டினாலும், நீங்க போயிருந்தா பாலம் போயிருக்காது என்கிறார்களாம். திரும்பி வந்தவனுக்கு ஊரில் கிடைப்பது இதுதான். நிவேதா இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். யாரையாவது தண்ணீருக்கு முன்னால் நிறுத்தினால், ஊர் கடைசிவரை நன்றி சொல்லாது. ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. வசந்தா மட்டும் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று பழத்தை அதில் வைத்து மூடினார்.

இனி நிவேதாவின் இரண்டாவது போன். முதல் போன் வந்த அன்றே பத்து மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். ஒரு நல்ல செய்தியோடுதான் ஆரம்பித்தாள். ஆபீஸுக்குப் பதினான்கு ஜோடிப் புதுத் தடுப்பு வந்துவிட்டதாம், ஒவ்வொன்றிலும் பாலத்தின் எண் எழுதி. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனால் யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் பதிவறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்களாம். அன்றைக்கும் டிராக்டரில் போனது பழைய நெளிந்த ஜோடிதான்.

ஆனால் நரியோடையில் ஒரு சிக்கல். புதுப் பாலம் கட்டியிருக்கிறார்கள், அதே உயரத்தில், அதே நாலு குழாயோடு. கலியமூர்த்தி அண்ணன் விடியற்காலையில் போனபோது அங்கே ஏற்கெனவே ஒரு குட்டியானை ரோட்டை மறித்துக் குறுக்கே நின்றிருக்கிறது. வண்டிக்காரர் மழை நாளில் லோடு இல்லை என்றால் அங்கே வந்து நிறுத்திக்கொள்கிறாராம். யார் உங்களை நியமித்தது என்று நிவேதா போனில் கேட்டதற்கு, "நான் தண்ணிக்குப் பயந்த மாமன். மீன்சுருட்டில கேட்டுப் பாருங்க" என்றாராம். அண்ணனும் தடுப்பை இறக்காமல் அந்த வண்டியையே படம் எடுத்து அனுப்பிவிட்டார். டெப்டி சாருக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது. நெளிசல் இல்லை, பளிச்சென்று இருக்கிறது. மீதிப் பதிமூன்று பாலத்துக்கும் அந்த வண்டியை ஒரு நடை கொண்டுவந்து நிறுத்தினால் நன்றாக இருக்குமே என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்.

"வர மாட்டேங்கறாருக்கா. டெப்டி சாரே போன்ல பேசிட்டாரு. நகர மாட்டேங்கறாரு."

என்னதான் சொல்கிறார் என்று கேட்டேன்.

"தண்ணி எறங்கட்டும், அப்பறம் எடுக்கறேங்கறாரு. அது மட்டுந்தான் சொல்றாரு."